நெற்றியில் பிளாட்டினம்

சாமி படத்துக்குக் கீழே டப்பா இல்லை.

தோமினிக் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். மெழுகுவர்த்தி இருந்தது, ஜெபமாலை இருந்தது, தீப்பெட்டி இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவரே வைத்த புரோட்டீன் பவுடர் டப்பாவை மட்டும் காணோம். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து சுவரை மட்டும் பார்க்கவில்லை. திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மறைந்த மனைவி அந்தோணிமேரியின் படத்தை மாட்டிய நாளிலிருந்து அவர் அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

டப்பாவில் இருந்தது புரோட்டீன் பவுடர் அல்ல. பிளாட்டினப் பொடி. பார்த்தால் அடுப்புச் சாம்பல் மாதிரிதான் இருக்கும்.

வெண்ணந்தூர் ரோட்டில் ஜெகதீஸ்வரன் நடத்தும் பட்டறையில் தோமினிக் ஸ்டோர் கீப்பர். பழைய கார்களின் புகைக்குழாயில் இருக்கும் கன்வெர்ட்டரை அறுத்தால் உள்ளே தேன்கூடு போல ஒரு கல் வரும். அதை இடித்து, அமிலத்தில் கரைத்து, அதில் ஒட்டியிருக்கும் பிளாட்டினத்தைப் பொடியாகப் பிரித்தெடுப்பதுதான் அங்கே தொழில். மாதக்கணக்கில் ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடைகளில் வாங்கிச் சேர்த்ததன் பலன் அந்த ஒரு டப்பா. வாங்குகிறவர்கள் இன்று சாயங்காலம் வருகிறார்கள். பட்டறையின் இரும்புப் பெட்டிப் பூட்டு மக்கர் செய்ததால், யாரிடம் கொடுத்து வைப்பது என்று யோசித்த முதலாளி கடைசியில் தோமினிக்கைத்தான் கூப்பிட்டார்.

"நம்மூட்ல வாரவன் போறவன் ஜாஸ்திங்க. உங்கூட்ல சாமி படத்துக்குக் கீழ வெச்சுருங்க. அதுக்கு மேல காவல் ஏதுங்க?"

தோமினிக் தன் ஆணி டப்பாவைக் காலி செய்து, துடைத்து, அதில் பொடியை வாங்கிக்கொண்டார். அதே மாதிரி டப்பா அவர் வீட்டில் எங்கு திரும்பினாலும் இருந்தது. அந்தோணிமேரி படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் வாங்கியவை. ஒன்றையும் எறிய அவருக்கு மனம் வரவில்லை. உப்பு, புளி, பட்டன், ஆணி எல்லாம் அதில்தான்.

மகள் சோபியா ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியும் முன்பே டூட்டிக்குப் போயிருந்தாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் போனை அணைத்துவிடுவாள். அணைத்திருந்தாள்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பாவாயிதான் விஷயத்தைச் சொன்னார். "சோபியா பாப்பா போறப்ப அக்சிலியாக்கா கையில ஒரு டப்பா குடுத்துட்டுப் போச்சுங்க. கோயிலுக்குன்னு சொல்லுச்சு."

இன்று திருநீற்றுப் புதன், கோவிலில் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசும் நாள்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று ஜனங்கள் சிலுவையாகப் பின்னி வைத்த ஓலைகளை வீடுவீடாகத் திரும்ப வாங்கி எரித்துத்தான் கோவிலில் அன்றைக்குச் சாம்பல் எடுப்பார்கள். இந்த வருடம் சேர்த்து வைத்த மூட்டையைக் கரையான் தின்றுவிட்டது. மாதர் சபைத் தலைவி அக்சிலியா ஒரு வாரமாகத் தெருத்தெருவாக ஓலை கேட்டு அலைந்தார். தோமினிக்கிடமும் கேட்டார். எங்கள் வீட்டில் இல்லை என்று தோமினிக் சொல்லிவிட்டார். அது பொய். ஒரு ஓலை அந்தோணிமேரியின் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. ஆனால் அதைப் பற்றி நினைக்க இப்போது நேரமில்லை. பைக்கை உதைத்தார்.

அது சின்னக் கோவில். ஒரு டப்பா தாராளமாகப் போதும். அவர் நுழையும்போது வரிசை பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டது. புதிதாக வந்த இளம் பாதிரியார் தட்டில் கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வருகிறவர்களின் நெற்றியில் அது மினுமினுப்பதாகத் தோமினிக்குக்குப் பட்டது. வரிசையை முட்டித்தள்ளி முன்னால் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஃபாதர், கொஞ்சம் நிறுத்துங்க. அது சாம்பல் இல்ல."

"மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய்," என்றார் பாதிரியார்.

"மண்ணும் இல்ல ஃபாதர்."

"மண்ணுக்கே திரும்புவாய் என்பதை நினைத்துக்கொள்," என்று முடித்து அவர் நெற்றியிலும் அழுத்தமாக ஒரு சிலுவை போட்டார். பின்னால் நின்றவர்கள் தோமினிக்கை நகர்த்திவிட்டார்கள்.

பூசை முடிந்ததும் அக்சிலியாவைத் தனியே பிடித்தார். பிளாட்டினம் என்று சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால், டப்பாவில் இருந்தது கம்பெனிக் கெமிக்கல், யாருக்கும் தெரியாமல் எல்லார் நெற்றியையும் துடைத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அக்சிலியா நேராக மைக்கைப் பிடித்தார். "யாரும் பதறாதீங்க. நெத்தியில இருக்கறது கெமிக்கல்."

அடுத்த நிமிடம் கூட்டம் முழுக்கக் குழாயடியில் இருந்தது. கழுவுகிற ஒவ்வொரு நெற்றியும் சாக்கடைக்குள் போவதைப் பார்த்த தோமினிக் ஓடிப்போய்க் குழாய்க்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"தண்ணி படக்கூடாது. தண்ணி மட்டும் படவே கூடாது."

எல்லாரும் அப்படியே உறைந்தார்கள். வின்சென்ட் என்ற பஸ் டிரைவர் முகத்தை முன்னால் நீட்டியபடி, உதடு அசையாமல் கேட்டார்.

"அண்ணே, வேர்த்தா என்ன ஆகும்?"

பெண்கள் முந்தானையால் ஒருவர் நெற்றிக்கு ஒருவர் விசிறத் தொடங்கினார்கள். அந்தக் காட்சியை யாரோ படமெடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள்.

மருந்துக்கடையில் பஞ்சுச் சுருள் வாங்கிவந்து தோமினிக் ஒவ்வொரு நெற்றியாகத் துடைத்தார். மறுபடியும் வரிசை நின்றது. பழக்கதோஷத்தில் சிலர் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள். கெங்கவல்லிக்கு பஸ் ஏறிவிட்ட கொத்தனார் ஒருவரை பைக்கில் துரத்திப் பிடித்து, பஸ்ஸுக்குள்ளேயே துடைத்தார். அவசரத்தில் பக்கத்து சீட்காரர் நெற்றியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அது பழனி விபூதி என்று அந்த ஆள் வருத்தத்துடன் சொன்னார்.

டப்பாவில் மிச்சமிருந்ததை உபதேசியார் முறைப்படி அரளிச் செடியடியில் கொட்டி, டப்பாவையும் கழுவிக் கவிழ்த்திருந்தார். தோமினிக் செடியடி மண்ணை அள்ளி ஒரு சாக்கில் கட்டினார். பிறகு வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் செய்தார்.

ஜெகதீஸ்வரன் வந்தார். திட்டவில்லை. சாக்கையும் பஞ்சு மூட்டையையும் தூக்கி எடை பார்த்தார்.

"சரி சாமி, பதறாதீங்க. சைலன்சர்ல இருந்தே எடுக்கறோம். நெத்தியில இருந்து எடுக்க முடியாதுங்களா?"

பட்டறையில் அமில வேலை பார்க்கும் சரவணமுத்து பஞ்சையும் மண்ணையும் சுட்டுச் சாம்பலாக்கினார். அமிலத்தில் போட்டுக் காய்ச்சினார். வடிகட்டினார். இனி நவச்சாரக் கரைசல் ஊற்ற வேண்டியதுதான். பிளாட்டினம் இருந்தால் அடியில் மஞ்சளாகப் படியும். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வாங்குகிறவர்களின் கார் வாசலில் வந்து நின்றது.

சரவணமுத்து ஊற்றினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒன்றும் படியவில்லை.

இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கண்ணாடிக் குடுவையை விளக்கருகே தூக்கிப் பிடித்தார். அழுக்குத் தண்ணீர் அழுக்குத் தண்ணீராகவே இருந்தது.

"ஏனுங்க தோமினிக்," என்றார் ஜெகதீஸ்வரன். குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அத்தனை நெத்தியில ஒரு பொட்டுக்கூடவா ஒட்டாம போயிருக்கும்?"

"நான் எடுக்கலீங்க."

"எடுத்தீங்கன்னு நான் சொல்லலீங்களே. போலீஸ்காரரு கேட்டா என்னத்தச் சொல்றதுன்னு ரோசன பண்றேன்."

தோமினிக் அந்தோணிமேரியின் வைத்தியத்துக்காக நகையை விற்றார், நிலத்தை விற்றார். ஸ்டோர் சாவி கையில் இருந்த அத்தனை வருடத்திலும் ஒரு ஆணியைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. காலி டப்பாவைத்தான் வீட்டிலிருந்து பட்டறைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம். அதுவும் இப்போது அந்தக் குடுவைக்குள் கலங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரன் எழுந்து வேட்டியைச் சரி செய்தார்.

அப்போது சரவணமுத்து தோமினிக்கின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"முதலாளி, ஒரு நெத்தி பாக்கி இருக்குதுங்க."

தோமினிக் தன் நெற்றியைத் தொட்டார். காலையில் பாதிரியார் அழுத்திப் போட்ட சிலுவை அப்படியே இருந்தது. ஊரார் நெற்றியையெல்லாம் துடைத்தவருக்குத் தன் நெற்றி ஞாபகம் வரவில்லை.

"கடைசியா இதையும் ஒருக்கா பார்த்துருவோமுங்க. ஒரு பொடி படிஞ்சாலும் உங்க பேச்சு நெசமுன்னு ஆகிப்போகும்," என்று ஜெகதீஸ்வரன் பஞ்சைப் பிய்த்து நீட்டினார்.

தோமினிக் அதை வாங்கினார். எப்படியாவது ஒரு துளி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, பஞ்சை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

கதவு திறந்தது. நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சோபியா நின்றிருந்தாள். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. கனமான எதையோ துப்பட்டாவில் சுற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"துடைக்காதீங்கப்பா," என்றாள். "வாட்ஸப்பைப் பார்த்துட்டுத்தான் ஓடி வர்றேன். உங்க கம்பெனி டப்பாவை நான் பீரோவுலதான் வெச்சிருந்தேன். கோவிலுக்குக் குடுத்தது, அம்மா கடைசியாப் பின்னின ஓலையை எரிச்ச சாம்பல்."