கேட்டில் சிக்கிய படகு

பலகைக்குள் கட்டைவிரல் நகம்வரை இறங்கியதும் ஓட்டுநருக்கு மனம் விட்டுப்போனது. டிரெய்லரில் படகைத் தாங்கி நிற்கும் இரண்டு நீளப் பலகைகளும் உளுத்துப் போயிருந்தன. விடிந்தால் ஞாயிறு. பேருந்து ஓட்டிய காலமெல்லாம் ஞாயிறுதோறும் ஊராருக்கு ஊர் சுற்றிக் காட்டியவர், ஓய்வு பெற்ற பிறகாவது மனைவியை ஏரிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"புதுசு போட்டுடறேன். நாளைக்குக் கட்டாயம் போறோம். தூண்டில்கூட எடுத்து வெச்சாச்சு."

"அவசரமே இல்லைங்க," என்றாள் மனைவி.

இப்படி ஒரு பொறுமைசாலி யாருக்கு வாய்ப்பாள் என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மரக்கடைக்குப் போன் போட்டதும் பலகை வந்தது. ஜாக்கியால் படகைத் தூக்கி, பழைய பலகையைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். படகின் அடி உரசாமலிருக்கப் பலகைமேல் கம்பளம் சுற்ற வேண்டும். மனைவி கூடத்துக் கம்பளத்தையே சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு சுத்தா சுத்துங்க. படகுக்கு மெத்துன்னு இருக்கட்டும்."

சுற்றினார். படகு சிம்மாசனம் ஏறியதுபோல் உட்கார்ந்தது. ஒத்திகை பார்க்கலாமென்று காரில் மாட்டி இழுத்தால், கேட்டின் மேலிருந்த இரும்பு வளைவில் படகின் முன்கண்ணாடி முட்டி நின்றது.

"பலகை கொஞ்சம் தடிமனோ?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"இதெல்லாம் எனக்குத் தூசு."

டயர்களில் காற்றை இறக்கினார். படகு தாழ்ந்து பாதி தூரம் போனது. பிறகு டிரெய்லர் தரையோடு அப்பிக்கொண்டது. சரி, கொஞ்சம் காற்றடிக்கலாமென்று பம்பை எடுத்தார். டயர் உப்ப உப்பப் படகு எழும்பி, வளைவுக்கடியில் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

எத்தனையோ சந்துகளில் பேருந்தைக் கீறல் விழாமல் திருப்பியவர், சொந்த வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மெல்லிய பலகை கொண்டுவரச் சொல்லி மறுபடி கடைக்குப் போன் போட்டார்.

மனைவி தேநீரோடு படகில் ஏறிக்கொண்டாள். "நீங்களும் வாங்க, ஆறிடும்."

அருகருகே உட்கார்ந்தார்கள். அவள் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளை அவர் எடுத்துவிட்டபோதுதான் கவனித்தார்.

"காதோரம் எப்ப நரைச்சுது?"

"நீங்க டபுள் ட்யூட்டி பாத்தப்போ."

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. "நாளைக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது போலிருக்கே."

"அதனால என்ன," என்று அவள் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மரக்கடைக்காரர் வேறு பலகைகளோடு வந்து சேர்ந்தார். ஓட்டுநர் ஒன்றை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"என்னப்பா, இது அதைவிடத் தடிமனா இருக்கே?"

கடைக்காரர் படகிலிருந்தவளைப் பார்த்தார். அவள் அவசரமாக வளைவைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையும் அண்ணிதாண்ணே தடிமனா அனுப்பச் சொன்னாங்க. ஏரிக்குப் போனா நீங்க தூண்டிலைத்தான் பாப்பீங்களாம். படகு வாசல்ல நின்னாத்தான் அவங்க முகத்தைப் பாக்கறீங்களாம்."