மண்நாக்கர் சுவைத்த குழி

மண்நாக்கர் வீட்டு வரிசை தெருமுக்கு வரை நீண்டது. ஆளுக்கொரு மண்பொட்டலம். மண்ணை நாக்கில் வைத்தாலே அந்த வீட்டாரின் பரம்பரைப் பாவத்தைச் சொல்லிவிடுவார். பாவம் பெரிதென்றால் பரிகாரத்துக்குத் தவணை வசதியும் உண்டு.

பெரியவர் எந்தச் சாமியாரிடமும் போகாதவர். அன்று விறைப்பாக வரிசையில் நின்றார். காரணம், கழிவறைக் குழி.

கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்க, அவர் வீட்டுக் குழியில் சிப்பி சிப்பியாக வந்தது. மகளைப் பெண் கேட்டிருந்த சம்பந்தியம்மாள் ஒரு பிடி அள்ளி மண்நாக்கரிடம் ஓடினாள். தீர்ப்பு: பெரியவரின் அப்பா கலங்கரை விளக்கை அணைத்துக் கப்பலைக் கவிழ்த்தவர், செத்தவர்களின் சாபம் சிப்பியாக முளைக்கிறது. கல்யாணம் நின்றது.

அப்பா தூரத்துக் கடற்கரையில் கலங்கரை விளக்கக் காவலராக இருந்தவர்; காய்ச்சலிலும் படியேறி விளக்கேற்றிய மனிதர். பெரியவருக்கு ரத்தம் கொதித்தது.

மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளோ சிரித்தாள். "ஒரு காலத்துல கடல் இங்கதாம்ப்பா இருந்துச்சு. ஆறு வண்டலைக் கொட்டக் கொட்ட, கடல் பின்வாங்கிடுச்சு. மேல களிமண், கீழ கடற்கரை மணல், சிப்பி. ஊர்ல எங்க தோண்டினாலும் இதேதான்."

"எங்க தோண்டினாலுமா?"

"எங்க தோண்டினாலும்."

அதனால்தான் இப்போது வரிசையில் அவர் கையில் ஒரு பொட்டலம், பக்கத்தில் சம்பந்தியம்மாள்.

"இது வேற வீட்டு மண்ணு. பார்த்துச் சொல்லுங்க."

மண்நாக்கர் நக்கினார். கண்ணை மூடினார். சிப்பித் துண்டைத் துப்பினார்.

"உப்பு கரிக்குது. பொல்லாத வீடு. இவன் ஊரை ஏமாத்தித் தின்னு கொழுத்தவன்."

"ரொம்பச் சரி," என்றார் பெரியவர். "உங்க கொல்லையில கக்கூஸுக்கு வெட்டுற குழியில அள்ளினது."

வாழ்நாளில் மண்நாக்கர் சொல்லிப் பலித்த ஒரே குறி அதுதான்.

கூட்டம் கொல்லைக்கு ஓடியது. குழியோரம் குவியல் குவியலாகச் சிப்பி.

"பக்கத்து வீட்டுப் பாவம் இங்க கசிஞ்சிருக்கும்," என்று முனகினார் மண்நாக்கர்.

"கசிஞ்சதுக்கு எங்க காசைத் திருப்பிக் குடுய்யா," என்றது வரிசை.

சம்பந்தியம்மாள் குழைந்தாள். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. கல்யாணத் தேதியைக் குறிச்சிடலாமா?"

"குறிக்கலாம்மா. அதுக்கு முன்னாடி உங்க வீட்டுல ஒரு குழி தோண்டிப் பாருங்க. சிப்பி வரும். வந்தா எவன் நாக்கையும் தேடி ஓடாதீங்க. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை ஒரு தடவை உபயோகிச்சுப் பாருங்க."