நாற்காலியைக் காப்பாற்ற வந்த கம்பளம்

வீரபாண்டியில் சொந்த வீடு இருக்கிறவனுக்குச் சித்திரை மாதத்தில் வீடு கிடையாது. கௌமாரியம்மன் திருவிழா என்று சொல்லிக்கொண்டு பெண்டாட்டியின் பிறந்த வீட்டார் மொத்தமும் வண்டி கட்டி வந்து இறங்கிவிடுவார்கள். என் வீட்டுக்குச் சுருளிப்பட்டியிலிருந்து வருவார்கள். வரட்டும். சாப்பிடட்டும். என் தலையணையைக்கூட எடுத்துக்கொள்ளட்டும். அதற்கெல்லாம் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் என் மனைவி ராமுத்தாயின் அண்ணன் சுருளியாண்டி இருக்கிறாரே, அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடந்து வந்து என் சாய்வு நாற்காலியில் படுப்பார். திருவிழா முடிந்து வண்டி பூட்டும்போதுதான் எழுந்திருப்பார். இடையில் அம்மனைக் கும்பிடப் போகமாட்டாரா என்றால், போவார். அப்போது தன் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போவார்.

என் நிலைமையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். தேனியில் ஒரு பருத்தி மண்டியில் எடை போடுகிற உத்தியோகம் எனக்கு. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன். பகல் முழுக்கத் தராசுக்குப் பக்கத்தில் நிற்பேன். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்புவேன். அந்த மண்டியில் உட்காரும் பாக்கியம் முதலாளிக்கும் பருத்தி மூட்டைக்கும் மட்டும்தான் உண்டு. வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியில் காலை நீட்டிப் படுத்த பிறகுதான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது எனக்கே உறுதியாகும்.

ராமுத்தாய்க்கு அந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாது. நடுக்கூடத்தில் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது, கூட்ட முடியவில்லை, மெழுக முடியவில்லை, அதில் விழுந்த மனுஷன் காதில் எதுவும் ஏறுவதில்லை என்பாள். கடைசியாகச் சொன்னது உண்மைதான். அதற்காகத்தானே அதில் விழுகிறேன்.

இந்த வருஷம் மாசி மாதத்திலேயே ஒரு சபதம் எடுத்தேன். தலையே போனாலும் திருவிழாவில் நாற்காலியை விடுவதில்லை. சபதம் எடுப்பது சுலபம், மச்சானை எழுப்புவதுதான் கஷ்டம். பெண் கொடுத்த வீட்டுக்காரரிடம் போய் எழுந்திருங்கள் என்று சொல்ல முடியுமா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நாற்காலியைவிடப் பெரிய மரியாதை ஒன்றைக் காட்டி அவரைத் தரையில் உட்காரவைத்துவிட வேண்டும். என்னிடம் ஒரு கம்பளம் இருந்தது.

இருந்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். குமுளிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் இருந்த துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில்தான் நாற்காலியை எடுத்தேன். வண்டியில் வரும்போது உரசாமல் இருக்க அதை ஒரு கம்பளத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். நாற்காலி கூடத்துக்கு வந்தது, கம்பளம் தொழுவத்துக்குப் போனது. அங்கே முதலில் அது வைக்கோலின் மேல் கிடந்தது. அப்புறம் வைக்கோல் அதன் மேல் கிடந்தது. மழைக்கு விறகை மூடினோம். பசு கன்று ஈன்றபோது அடியில் விரித்தோம். ஒரு கோழி அதன் மடிப்புக்குள் அடைகாத்துக் குஞ்சு பொரித்துக் குடும்பத்தோடு வெளியே வந்தது. அதன் நிறம் சிவப்பு என்று நான் சொன்னேன். பச்சை என்று ராமுத்தாய் சொன்னாள். பார்த்துச் சொல்லலாம் என்றால், பார்த்தும் தெரியவில்லை.

அதைச் சுத்தம் செய்யப்போகிறேன் என்று சொன்னதும் ராமுத்தாய் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கருமத்தத் தொடாதீக. தொட்டா நூல் நூலாப் போயிரும். நம்ம ஊருல தொவைக்கிறவுக யாராலயும் ஆகாது. பிலவேந்திரன்னு ஒருத்தரு மக வீட்டுக்கு வந்திருக்காராம். மலையில தொர பங்களாவுல கம்பளம் வெளுக்குறதே வேலையா இருந்தவராம். அவரப் போயிக் கூப்புட்டுறாதீக.”

“ஏன்?”

“கூப்புட்டா வந்துருவாரு.”

அவள் வேண்டாம் என்ற ஒரு காரியத்தை நான் துணிந்து செய்து பல வருஷமாகிவிட்டது. கல்யாணமான புதிதில் ஒருதரம் செய்தேன், அதையே இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். இந்தமுறை செய்தே தீருவது என்று ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே பிலவேந்திரனைக் கூப்பிட்டேன். அவள் சொன்னது சரி. வந்துவிட்டார்.

காக்கிக் கோட்டு, கக்கத்தில் ஒரு குதிரைமயிர்ப் பிரஷ். அந்தப் பிரஷை அவர் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். கம்பளத்தைச் சுற்றி வந்தார். ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, “தம்பி, இத என்ன செஞ்சீக?” என்று கேட்டார். ஒன்றுமே செய்யவில்லையே என்றேன். அதுதான் தெரிகிறது என்றார்.

ஆனாலும் உயிர் இருக்கிறது, பிழைக்கவைத்துவிடலாம் என்று நம்பிக்கை சொன்னார். முதலில் தூசி போக அடிக்கவேண்டும். இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி அதன்மேல் கம்பளத்தைத் தொங்கவிட்டோம். நான் ஒரு பிரம்பைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. துரை பங்களாவில் எங்கே அடிக்கவேண்டும் என்று சொல்வதுதான் தன் வேலை, அடிப்பதற்கு வேறு ஆள் உண்டு என்றார். இங்கே வேறு ஆள் என்று நான் ஒருவன்தான் இருந்தேன். மண்டிக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு அடித்தேன். அடிக்க அடிக்கச் சொல்லியனுப்பியது உண்மையாகிக்கொண்டே வந்தது.

முட்டை ஓடு விழுந்தது. தொலைந்துபோன கன்றின் கழுத்துமணி விழுந்தது. எலி குடியிருந்த பஞ்சு விழுந்தது. துரையின் நாயுடையது என்று பிலவேந்திரன் சத்தியம் செய்த வெள்ளை மயிர் உருண்டை உருண்டையாக விழுந்தது. கிளம்பின புழுதி பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் போய் இறங்கியது. அவள் அங்கிருந்து என் பரம்பரையை விசாரிக்க ஆரம்பித்தாள். வழக்கமாக இந்த மாதிரி சமயத்தில் ராமுத்தாயும் அவளோடு சேர்ந்துகொள்வாள். அன்றைக்கு என்னவோ எங்கள் வீட்டு வடகத்தை ஒரு சுளகு நிறைய அள்ளிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிட்டு வந்தாள். “அவுக பாட்டுக்கு அடிக்கட்டும் விடுங்கக்கா” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கு நான் அர்த்தம் தேடியிருக்கவேண்டும். கை வலித்ததால் தேடவில்லை.

பிலவேந்திரனுக்கும் கவனிப்பு பலமாக இருந்தது. கருப்பட்டிக் காப்பி வந்துகொண்டே இருந்தது. மலையில் ரொம்ப நாள் இருந்தவர் என்பதால் போதும் என்பதற்கு ‘மதி’ என்று மலையாளத்தில் சொல்வார். நான் அடித்து அடித்துச் சாய்ந்தபோது அந்த வார்த்தைக்காக ஏங்கினேன். காப்பி வந்தபோதும் அவர் அதைச் சொல்லவில்லை.

அடுத்தது துவைப்பு. ஆற்றுக்குக் கொண்டுபோனோம். வெந்நீர் பட்டால் சாயம் ஓடிவிடும், சோப்பு பட்டால் மயிர் கருகிவிடும், பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும் என்றார் பிலவேந்திரன். நான் கடைக்கு ஓடுவதா என்று யோசிப்பதற்குள் ராமுத்தாய் ஒரு பெரிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் வந்து நின்றாள். கூடை நிறையப் பூந்திக்கொட்டை. தோலை எடுத்து இடித்தும் வைத்திருந்தாள். ஒரு கம்பளத்தைத் துவைக்கக்கூடாது என்கிறவள் வீட்டில் இவ்வளவு பூந்திக்கொட்டை எப்படி என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

“சொன்னாக் கேக்க மாட்டீகளே” என்று தலையில் அடித்துக்கொண்டு கூடையை இறக்கினாள்.

ஒன்று சொல்லவேண்டும். பிரஷைக் கையில் எடுத்தபிறகு பிலவேந்திரன் வேறு ஆளாகிவிட்டார். மணலில் மண்டியிட்டு, மயிர் சாய்ந்திருக்கிற பக்கமாகவே தேய்த்துக்கொண்டு போனார். நான் குடம் குடமாக மொண்டு ஊற்றினேன். தண்ணீர் முதலில் கருப்பாக ஓடியது. அப்புறம் சாணிக் கரைசலாக ஓடியது. திருவிழாவுக்காகக் கோயிலில் நட்டிருந்த கம்பத்துக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் எங்களைத் திட்டிக்கொண்டே மேலாகப் போய் மொண்டார்கள். மாட்டின் கறைக்கு எலுமிச்சம்பழம், முட்டைக் கறைக்கு உப்பு, நாயின் கறைக்குப் பிலவேந்திரனின் வசவு. நனைந்த கம்பளத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். எருமை படுத்திருந்தால்கூட ஒரு சத்தம் போட்டால் எழுந்து தொலைக்கும். இது அசையவில்லை. என் இடுப்புதான் அசைந்தது, அதுவும் சத்தத்தோடு.

வெயில் முகத்தில் படாமல் குப்புறப்போட்டுக் காயவைத்தோம். ஆடு மிதிக்காமல் காவலுக்கு நின்றது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

காய்ந்ததைப் புரட்டிவிட்டு மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நல்ல கருநீலத்தில் மாதுளம்பூ மாதிரிப் பூக்கள். ஓரத்தில் கொடி. எங்கள் தொழுவத்தில் இப்படி ஒன்று கிடந்தது என்பதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ராமுத்தாய் புறங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள். “நாந்தான் வேணாம்னேன். என்னயும் மீறிச் செஞ்சுபுட்டீக” என்றாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் நெஞ்சு நிமிர்ந்தது. இடுப்பு நிமிரவில்லை.

திருவிழா வந்தது. சுருளிப்பட்டி வண்டியும் வந்தது. சுருளியாண்டி செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, மச்சான் உட்காருவதற்கென்றே விரித்தது என்று சொல்லிக் கம்பளத்தின் நடுவில் உட்காரவைத்தேன். உட்கார்ந்தார். திண்டையும் முதுகுக்குக் கொடுத்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, நாலடி நடந்து என் நாற்காலியில் நானே படுத்தேன்.

அந்தத் திருவிழா மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை. வெளியே கொட்டுச் சத்தமும் தீச்சட்டிக் கூட்டமும் போய்க்கொண்டிருந்தன. நான் காலை நீட்டிப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் கம்பளத்தைவிட்டு அசையவில்லை. அதன் முடிச்சுகளை ஆராய்ந்தார். மூலையைப் புரட்டிப் பார்த்தார். ஒருதரம் என்னைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்து, அதன் பிரம்புப் பின்னலைக் குத்திப் பார்த்து, கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, மறுபடி என்னைப் படுக்கச் சொன்னார். தோற்றுப்போனவர் பாவம், பார்த்தாவது ஆறுதல் அடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குப் புறப்படுகிற நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தங்கைக்குச் சீர் கொண்டுவந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பக்கூடாது. அவர் நெல்லும் தேங்காயும் வெல்லமும் கொண்டுவந்திருந்தார். பதிலுக்கு அனுப்ப ஒரு வாழைத்தாரை வாசலில் தயாராக வைத்திருந்தேன். பெரிய தார்தான். ஆனால் வண்டியைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புது வைக்கோல் பரப்பியிருந்தது. பக்கவாட்டில் புதுக் கயிறு. ஒரு வாழைத்தாருக்கு இவ்வளவு மெத்தை எதற்கு என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

சுருளியாண்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தெருவில் சந்தனம்மாள் உட்பட அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அவர் கண் கலங்கியிருந்தது.

“மாப்ள, ஒங்க மனசு யாருக்கும் வராது. மகளப் பொண்ணு பாக்கப் போடியிலருந்து வர்றாக. புது மச்சு வீடு வெறிச்சுன்னு கெடக்கு, என்னத்த விரிக்க, என்னத்தப் போடன்னு மலைச்சுப் போயிருந்தேன். தங்கச்சி தை மாசமே சொல்லிருச்சு. அவுக கம்பளமும் தாராக, நாற்காலியும் தாராக, தொவைக்காமத் தரமாட்டாக, சித்திரை வரைக்கும் பொறுண்ணேன்னுச்சு. நீங்களே வெயில்ல நின்னு அடிச்சீகளாமே.”

தை மாதம். நான் சபதம் எடுத்தது மாசியில்.

திரும்பி ராமுத்தாயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கூடத்தில் கம்பளத்தை விரித்து, அதன் நடுவில் நாற்காலியைச் சாய்த்து, உரசாமல் இருக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். குமுளியிலிருந்து எப்படி வந்ததோ அதே சுற்று. கயிற்றை இறுக்குவதற்கு என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, பிடித்தேன்.

நாற்காலி எதற்கு, கம்பளம் போதாதா என்று அவள் காதோடு கெஞ்சினேன்.

“ரெண்டும் சேந்து வந்ததுக. பிரிச்சா நல்லாருக்காது” என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியது. கூட்டம் கலைந்தது. அந்த வாழைத்தார் மட்டும் வாசலிலேயே கிடந்தது, அதை ஏற்ற இடமில்லாமல் போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் உட்கார வேண்டுமே. உள்ளே வந்து பார்த்தால், கூடம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தடையில்லாமல் கிடந்தது. ராமுத்தாய் பாடிக்கொண்டே கூட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலி கிடந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் தெரிந்தது. அதையும் மெழுகிவிட்டாள்.

நாளைக்கு மண்டிக்குப் போகவேண்டும், போய் நின்றுவிட்டு வந்தால் நான் எங்கே சாய்வது என்று கேட்டேன். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது. அவளுக்கும் இரக்கம் வந்துவிட்டது போல. விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டு, நிஜமான அன்போடுதான் சொன்னாள்:

“ரொம்ப அலுப்பா இருந்தாச் சுருளிப்பட்டிக்குப் போயி ரெண்டு நா இருந்துட்டு வாங்க. அங்கன எங்க அண்ணன் வீட்டுல நல்ல சாய்வு நாற்காலி ஒண்ணு கெடக்கு.”