மாப்பிள்ளை பூட்டித் தந்த சைக்கிள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது என்று ஆரம்பிக்கச் சொன்னேன். "எழுதுறது நான், பேரு உங்களுக்கா?" என்று உங்கள் மாமியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆகையால், மாமனார் சொல்ல மாமியார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால், இடது முழங்கை, தையற்காரர் கடைக் கண்ணாடி நீங்கலாக. போனில் சொல்லலாம்தான். நான் தொண்டையைச் செருமுவதற்குள் என் மகள் உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள். அதனால்தான் ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம்.

விஷயம், நீங்கள் பிரியமாகப் பாகம் பாகமாகப் பெட்டியில் வாங்கி வந்த சைக்கிள். குறை சொல்லவில்லை. நல்ல நிறம். மணியும் நன்றாக அடிக்கிறது. நான் விழும்போதெல்லாம் தானாகவே அடித்துக்கொள்கிறது. முதல் நாள் சலூன் வாசலில் மெதுவாகத் திரும்பினேன், ஹேண்டில் என்னைக் கேட்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது, கால் கட்டைவிரல் முன்சக்கரத்தில் இடித்தது, சலூன்காரரும் ஒரு கன்னம் மட்டும் சவரமான ஆளும் ஓடிவந்து தூக்கினார்கள். "பெரியவரே, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" மறுநாள் தையற்காரர் கண்ணாடி. மூன்றாவது தடவை நேராக டாக்டர் வீட்டு வாசலிலேயே விழுந்தேன். அவர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே பேலன்ஸ் சரியில்லை என்று மாத்திரை எழுதி, என் மகளுக்கும் போன் போட்டுவிட்டார். கோணல் சைக்கிளுக்கு, மாத்திரை எனக்கு. அதைப் போட்டால் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். அதற்கும் வயதுதான் காரணமாம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வாங்க ஆள் வருகிறானாம். உங்கள் மனைவி ஏற்பாடு. அப்புறம் நான் வாசற்படியோடு சரி.

மாப்பிள்ளை, முப்பத்தொரு வருஷம் சைக்கிளில் ஐஸ் பாளம் ஏற்றிப் போனவன் நான். வெயில் படுகிற பக்கம் சீக்கிரம் உருகும், வண்டி மறுபக்கம் இழுக்கும், அப்போதும் விழவில்லை. ஒன்பது சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். எது நிற்கும், எது ஆடும் என்று தள்ளிப் பார்த்தே சொல்வேன். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் குட்டிச் சக்கரம் தண்டுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் போகிற பக்கம் தானே திரும்பிக்கொள்கிறது. சைக்கிளும் அப்படித்தான். ஹேண்டில் தண்டு அதே சாய்வில் தரைவரை இறங்கினால் தொடுகிற இடத்துக்கு நாலு விரல் பின்னால் சக்கரம் தொட வேண்டும். ஒரு விரல் என்றால் வண்டி நடுங்கும். எட்டு விரல் என்றால், மெதுவாகப் போகையில் தூங்குகிறவன் தலை மாதிரி ஹேண்டில் தொங்கிவிடும். கயிறு பிடித்து அளந்தேன். எட்டு. முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற ஃபோர்க், முன்னால் வளைய வேண்டியது, பின்னால் வளைந்திருக்கிறது.

யார் அப்படிப் பூட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். போன மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, பதினொன்றேகால் மணிக்கு, நீலக் கட்டம் போட்ட சட்டையில் எங்கள் கூடத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தவர் யாரோ, அவர். எழுத்துத் தெரியாத எனக்கே, அவர் பிடித்திருந்த தாளில் சைக்கிள் தலைகீழாக நிற்பது தெரிந்தது. இன்ஜினியர்கள் அப்படிப் பிடித்துத்தான் படிப்பார்கள் போலிருக்கிறது என்று காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்கிறாள் மாமியார். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இப்போதும் நீங்கள் பூட்டியதை உங்களைக் கேட்காமல் திருப்புவது மரியாதை இல்லை. ஆகவே ஞாயிறுக்குள் என் மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கோளாறு அப்பாவிடம் இல்லை, ஃபோர்க்கில். யார் பூட்டியது என்று கேட்டால் கடைக்காரர் மேல் போடுங்கள். நான் சாட்சி சொல்கிறேன்.

நீங்களும் குழந்தைகளும் ஆடாமல் அசையாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (கைநாட்டு)

பி.கு.: இது அவர் சொல்லாதது, மாமியாராகிய நானே எழுதுகிறேன். உறையை ஒட்டுவதற்குள் பொறுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஃபோர்க்கைத் திருப்பிவிட்டார். வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. அதைத் தெருவுக்கே காட்ட இரண்டு கையையும் விட்டார். சலூன்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "பாத்தியா?" என்று என் பக்கம் முழுசாகத் திரும்பியவர், கேரியர் வழியாக வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். வலது கையில் கட்டு. சைக்கிள் விழவில்லை. ஆளே இல்லாமல் சரிவில் தெருமுனை வரை நேராகப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றது. "கோளாறு சைக்கிள்ல இல்லைன்னு இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் கட்டாயம் வரட்டும். சைக்கிள் எவ்வளவு நல்லது என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி.