வாலுள்ள தேவாங்கு

ஃப்ளெக்ஸ் பேனரில் தன் முகத்தைப் பார்க்க ஆசைப்படாத ஆம்பிளை சித்தூர் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. நான் பிறந்தேன், ஆசைப்பட்டேன்.

கார்வேட்டிநகரம் அருகே எங்கள் ஊர்த் தோப்பில் தேவாங்குகள் உண்டு. அவற்றை ஆராய்கிற குழு, ஊர்ப் பெண்களையே சம்பளத்துக்குக் காவல் வைக்கலாமா என்று பார்க்கத் திருப்பதியிலிருந்து வருவதாகச் சொன்னது. முதலில் பெயர் கொடுத்தவள் என் அண்ணி. வெயிலில் வேர்க்கடலை பிடுங்கும் கூலி வேலைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்று அவளுக்கு நம்பிக்கை.

வரவேற்பு என் பொறுப்பு. (யாரும் ஒப்படைக்கவில்லை.) போனில் தேடினேன். உருட்டுக் கண்ணோடு அழகாக ஒரு பிராணி வந்தது. புத்தூரில் கொடுத்து ஃப்ளெக்ஸ் அடித்தேன். பக்கத்தில் கூலிங் கிளாஸோடு நான், பிராணியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

ஜீப்பிலிருந்து இறங்கிய மேடம் பேனரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது லெமூராச்சே! மடகாஸ்கர் தீவுல இருக்கிறது. தேவாங்குக்கு வாலே கிடையாதே. இதையா இங்க பார்த்தீங்க?"

'படம் மாறிப்போச்சு மேடம்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். கூலிங் கிளாஸ் போட்ட வாய்க்கு அது வருமா?

"இதேதான் மேடம். நம்ம தோப்புலதான்."

வெளியாள் முன்னால் நம்மாளை விட்டுக்கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

"அவுனு மேடம், நேத்துகூட வால ஆட்டிக்கினு போச்சே!" என்று தெலுங்கிலேயே ஆமாம் போட்டார் மேஸ்திரி மாமா.

"வாலு இம்மாம் நீட்டு! வளையம் வளையமா!" என்று கையை விரித்தாள் சின்னம்மா.

தினமும் நிஜத் தேவாங்கைப் பார்க்கிற அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா மேடம், கீது" என்றாள்.

"பார்த்ததைப் பார்த்தபடி சொல்றதுதாம்மா இந்த வேலையே" என்றார் மேடம், மெதுவாக. ஜீப் திரும்பிவிட்டது.

அந்த வருஷமும் அண்ணி வேர்க்கடலைக்கே போனாள். வெயிலில் கறுத்துத் திரும்புகிறவள் எனக்குச் சோறு போடும்போது, தட்டைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தாலாவது சோறு இறங்கியிருக்கும்.

பிறகு யார் பேச்சையும் நம்பாமல் குழுவே திரும்பி வந்து தோப்பில் கேமரா கட்டியது. வாலில்லாமல் தேவாங்கு வந்து நின்று ஊர் மானத்தைக் காப்பாற்றியது. இப்போது அண்ணிதான் காவலுக்குத் தலைவி. ஃப்ளெக்ஸ் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை. என் முகம் உள்பக்கம், மாட்டைப் பார்த்தபடி.

போன வாரம் திருப்பதி போனவனுக்கு அண்ணியிடமிருந்து போன்.

"எங்க கீற?"

"புத்தூர் தாண்டிட்டேன் அண்ணி."

"வாலோட தாண்டினியா, வாலு இல்லாமலா?"

"வாலோடதான் அண்ணி. இன்னும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுலயே கீறேன்."