மருமகன் பெயரில் ஒரு பழைய வாடகைக் கார்

சிங்கடோக்கா ஆற்றோரம்,
வெள்ளிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமானவனும், என் தங்கை பெற்ற ஒரே ஆண்பிள்ளையும், சுவா பட்டணத்தில் மாடி வீட்டில் குடியிருப்பவனுமாகிய மருமகன் அபெனிசாவுக்கு, உன் தாய்மாமன் எபராமா எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் அத்தை வசிதியும், நான்கு பன்றிகளும் நலம். நான்கு என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், போன கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது ஐந்து இருந்தன. தாய்மாமன் ஊரில் மருமகன் கைநீட்டியது மருமகனுக்கே சொந்தம் என்பது நம் முறை. பன்றியை எடுத்தாய், அதற்கு முந்தைய வருஷம் என் படகு எஞ்சினை எடுத்தாய், நான் வாய் திறந்தேனா? இப்போதும் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

நிற்க. நாண்டியில் விமானநிலையத்துப் பக்கம், வாடகைக் கார்களைக் கழித்துக் கட்டி விற்கிறவனிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது, உன் சரக்கு வண்டியில் சேம்பும் மரவள்ளியுமே ஏறி இறங்குவதால் வீட்டுக்கு இரண்டாவதாக ஒன்று வேண்டும், ஏழு மாதக் கர்ப்பிணியான உன் மனைவி சலசெய்னி ஆஸ்பத்திரி வேலைக்குப் போக தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள், வெள்ளிக்கிழமை வரைதான் கார்க்காரன் காத்திருப்பான், மாமா போய்ப் பார்த்து வாங்கலாமா கூடாதா என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும் என்று நீ கேட்டிருந்தாய். காசோலையும், கையெழுத்திட்ட தாள்களும் வந்து சேர்ந்தன. சரியான ஆளைத்தான் கேட்டாய். கரும்பு ரயிலை ஓட்டியவன் நான். பிரேக் போடுகிற வேலைதான் பார்த்தேன் என்று உன் அத்தை சொல்வாள். நிற்க வைப்பவன்தானே உண்மையில் ஓட்டுகிறவன்? ஒரே வார்த்தை போதாது என்பதாலும், தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய் என்பதாலும் இதை எழுதி சுவா பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். விற்கிறவன் பெயர் தர்மேன். மெலிந்த ஆள், சிரித்த முகம். சிரித்த முகம் என்பது அன்றைய நிலவரம். காரைச் சுற்றி மூன்று முறை நடந்தேன், ஒவ்வொரு டயரையும் உதைத்தேன், ஒன்று திருப்பி உதைத்தது போல் இருந்தது. கதவிடுக்கில் கடற்கரை மணல், இருக்கைக்கடியில் கறுப்புக் கண்ணாடி ஒன்று, பாதி தின்ற பிஸ்கட் ஒன்று. மீட்டரில் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர், அதாவது பூமியை இரண்டு முறை சுற்றி வருகிற தூரம்.

"நேரம் தவறாம ஆயில் மாத்தியிருக்குண்ணே. இந்தாங்க, புஸ்தகத்தப் பாருங்க," என்றான் தர்மேன்.

"புஸ்தகம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டினவன் யாரு?"

"டூரிஸ்ட்தாண்ணே. வயசானவங்க, மெதுவாத்தான் போவாங்க."

"நாலு வருசமா வந்த அத்தன பேரும் வயசானவங்களா? இங்க முதியோர் இல்லமா நடத்துற?"

மருமகனே, வாடகைக் காரை நான் அறிவேன். அதற்கு எசமானர் நூறு பேர், சொந்தக்காரர் எவருமில்லை. தன் காரென்றால் பள்ளத்தைக் கண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் போடுகிறவன், வாடகைக் காரென்றால் பள்ளத்தில் மீன் பிடிக்கிறவன் மாதிரி இறங்குவான். கடன் வாங்கிய பொருளுக்கு வலிக்காது என்று நினைக்கிற சனங்கள். வெள்ளைக்காரனுக்கு வெட்கம் கிடையாது.

அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியைத் தந்தான். விமானநிலையத்து நேர் ரோட்டில் கழுதையும் காராக ஓடும். காரின் குணம் மேட்டிலும் வளைவிலும்தான் தெரியும் என்பதால் நம் ஊர்ப் பக்கம் திருப்பினேன். வழியில் பாய்க்கட்டோடு போதகரின் மனைவி நின்றாள், ஏற்றாமல் வர முடியுமா, அவளோடு அவள் நாத்தனார், நாத்தனாரோடு சேம்பு மூட்டை. ஊருக்குள் நுழைந்ததும் பெரியவர்கள் வெளியே வந்தார்கள். ஊருக்குள் முதன்முதலாக வருகிறவன் யாரானாலும் யங்கோனா வேரை இடித்துக் கரைத்து, சிரட்டையில் குடிக்கக் கொடுத்து முறைப்படி வரவேற்காமல் விடக் கூடாது என்று உனக்குத் தெரியும். இது இன்னும் வாங்காத கார், பார்க்கத்தான் கொண்டுவந்தேன் என்று நான் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன், நான்காவது சிரட்டைக்கு மேல் நாக்கு மரத்துப்போகும். அதற்குள் பெரியவர் கைதட்டி, "உன் வரவ ஏத்துக்கிட்டோம், இனி இது உன் ஊரு," என்று காரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபித்தும்விட்டார்.

ஊர் ஏற்றுக்கொண்ட விருந்தாளியைச் சும்மா உட்கார வைத்தால் அதற்கு மனசு கஷ்டப்படாதா? புதன்கிழமை அக்கரையில் ஒரு துக்க வீடு. ஒன்பது பேர் ஏறினோம். நான் ஐந்து என்று எண்ணிவிட்டுத்தான் கிளப்பினேன், மற்றவர்கள் வழியில் முளைத்தார்கள். பின்பெட்டியில் துக்க வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பன்றி, வேறொருவர் பன்றி, என்னுடையது அல்ல. இடப்பக்கக் கதவைத் திறக்கத் தெரியாமல் உன் அத்தை முழங்காலால் திறந்தாள்.

வியாழக்கிழமை காரை நாண்டிக்குத் திரும்பக் கொண்டுபோனேன். தர்மேன் வாசலிலேயே நின்றிருந்தான், சிரிக்கவில்லை.

"அரைமணி நேரம்னு சொன்னேனேண்ணே."

"எந்தக் கிழமை அரைமணின்னு நீ சொல்லலியே தம்பி."

"அண்ணே, நாலு வருசம் இத வாடகைக்கு விட்டிருக்கேன். குடிச்சவன் ஓட்டியிருக்கான், எந்தப் பக்கம் ஓட்டணும்னே தெரியாதவன் ஓட்டியிருக்கான். ஒருத்தன்கூட பன்னி ஏத்தலண்ணே."

"பன்னிய விடு. பின்னாடி ஸ்பிரிங் உக்காந்துருக்கு, இடது கதவு தொறக்கல, கண்ணாடி இறங்கினா ஏற மாட்டேங்குது, உள்ள ஒரு வாடை. டூரிஸ்ட்டுங்க படுத்துன பாட்ட எல்லாம் என் மருமகன் தலையில கட்டப் பாக்குறியா?"

அவன் தலையைக் குனிந்து பின்பெட்டிக்குள் மோந்து பார்த்தான். குற்றமுள்ள மனசு அப்படித்தான் குனியும். கறாராக நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகவே மருமகனே, ரயில் ஓட்டியவன் என்ற முறையிலும் தாய்மாமன் என்ற முறையிலும் என் தீர்ப்பு: வாங்காதே. யார் யாரோ ஏறி இறங்கிய கார், எவனும் தன் பொருளாக நினைக்காத கார், அது கர்ப்பிணிக்கு ஆகாது. சலசெய்னி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரட்டும், அங்கே குலுக்கல் குறைவு. உங்கள் வீட்டுக் கூரைக்கும், வரப்போகும் குழந்தைக்கும், உன் கைக்கு எட்டிய என் எஞ்சினுக்கும் ஆண்டவர் காவலிருப்பாராக. என் தங்கைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறெதுவும் அறியாத மாமன்
எபராமா

பின்குறிப்பு: நாண்டியிலிருந்து நான் பஸ்ஸில் திரும்பவில்லை என்பதை மேலே எழுத விட்டுப்போயிற்று. இதை இனி யாருக்கு விற்பேன் என்று தர்மேன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான், ஊரும் ஏற்றுக்கொண்ட காரைத் திருப்பி அனுப்பினால் பெரியவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? அதனால் நீ அனுப்பிய காசோலையையும் தாள்களையும் அவனிடம் கொடுத்துவிட்டேன். கார் உன் பெயரில், என் மாமரத்தடியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவை அதில் ஏற்றிப்போக வாக்குக் கொடுத்துவிட்டதால் நான் கொண்டுவர இயலாது. நீயே ஒரு கட்டு யங்கோனா வேரோடு வந்து, முறைப்படி கேட்டு எடுத்துக்கொள். மருமகன் கேட்டால் மறுக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கடைசித் தங்கையின் மகன் கிட்டியோனியும் எனக்கு மருமகன்தான். நேற்றுச் சாயங்காலம் வந்து காரை இரண்டு சுற்றுச் சுற்றினான், டயரை உதைத்தான், வேர் என்ன விலை என்று உன் அத்தையிடம் விசாரித்தான். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் பஸ்ஸைப் பிடி. அவன் வீடு ஆற்றுக்கு அக்கரைதான், நடந்தே வந்துவிடுவான்.