ஒரு பாட்டில் ஜெய்சல்மேர்

"கையக் கழுவாம அந்த பிஸ்கட்ட வாயில வெச்சீங்க, நானு இப்டியே ஊருக்குத் திரும்பிடுவேன்!" என்று எலைன் கத்தினாள்.

ஸ்டீவன் பிஸ்கட்டை உதட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். சுற்றிலும் மணல். ஜெய்சல்மேருக்கு வெளியே, சூரியன் மறைவதைப் பார்க்க வந்திருந்த கூட்டத்தில் பாதி பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தண்ணிக்கு எங்க போறது எலைன்? பாலைவனம்மா இது."

"வின்னிக்கா படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்சாங்க இல்ல? ராஜஸ்தான் மண்ணு வவுத்துக்கு ஆவாதுன்னு? கைல பட்டா கழுவணும், வாயில பட்டா ஆஸ்பத்திரின்னு?"

ஸ்டீவன் பிஸ்கட்டை ஏக்கத்தோடு பாக்கெட்டுக்குள் திருப்பி வைத்தார். அந்த நேரம் பார்த்து, ஜீப் டிரைவர் ரூபேஷ் இரண்டு கை நிறைய மணலை அள்ளி டீ டம்ளர்களைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்தான், தட்டினான், டீயை ஊற்றி எலைனிடம் சிரித்த முகத்தோடு நீட்டினான்.

எலைன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தண்ணீர் கிடைக்காத ஊரில் மணல்தான் சோப்பு, இதைவிடச் சுத்தமான பொருள் இங்கே இல்லை என்று ரூபேஷ் ஹிந்தியில் விளக்கினான். ஸ்டீவன் அதைத் தமிழில் சொன்னார். "அவனுக்கு இன்னா தெரியும்? வின்னிக்கா வந்து பாத்தவங்க" என்றாள் எலைன்.

வின்னி கோலார் தங்கவயலில் இவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு. போன வருஷம் வின்னியும் அவள் கணவர் டக்ளஸும் ஜெய்சல்மேர் போய் வந்தார்கள். வந்ததிலிருந்து அந்தத் தெருவில் பாலைவனம் பற்றி வேறு யாரும் வாயைத் திறக்க முடியாது. வெள்ளை மணலில் இருவரும் தோளோடு தோள் நிற்கும் போட்டோ அவர்கள் ஹாலில் ஒரு சுவரையே பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஷோகேஸில், மூடி போட்ட பாட்டிலில் ஜெய்சல்மேர் மணல். அதை யாரும் தொடக் கூடாது. தெருவுக்கே ஆளுக்கொரு கண்ணாடி பதித்த பை வேறு கொடுத்தாள். எலைன் அதில்தான் பைபிளைப் போட்டுச் சபைக்கு எடுத்துப்போகிறாள்.

டக்ளஸ் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதன் கல் அரைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். பேசமாட்டார். வின்னி பேசினால் தலையாட்டுவார், ஆட்டி முடித்ததும் கை கழுவுவார். இந்த இரண்டைத் தவிர அவர் வேறு எதையும் செய்து தெரு பார்த்ததில்லை.

இப்போது அந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் வேறு. ஸ்டீவனின் மகள் நிக்கோலுக்கும் வின்னியின் மகன் ஆஸ்டினுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். இரண்டு பிள்ளைகளும் ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்து, தாங்களாகவே பார்த்துக்கொண்ட இடம். அதற்கு முன்னால் தங்கள் கல்யாண வெள்ளி விழா ஆண்டில் ஒரு பயணம் போய்வரலாம் என்றுதான் எலைன் கிளம்பினாள். வின்னியக்கா பார்த்த ஊரைத் தானும் பார்த்துவிட்டால், சம்பந்தி வீட்டில் தலைநிமிர்ந்து உட்காரலாம் என்பது அவளுடைய கணக்கு.

"சரி, ஒரு போட்டோ எடுத்து சபை குரூப்ல போடுங்க" என்றாள், டம்ளரைத் தொடாமல்.

ஸ்டீவன் எடுத்தார். பொன்னிறமான மணல்மேடு, நடுவில் எலைன், கையில் அதே கண்ணாடி பை. 'ஜெய்சல்மேரிலிருந்து அன்புடன்' என்று எழுதி அனுப்பினார்.

முதல் பதில், தினமும் ஸ்டீவனோடு ரயிலில் வரும் ஃப்ரெடியிடமிருந்து வந்தது.

'அண்ணே, சூப்பர். பாலகாட் டம்ப்ல எந்தப் பக்கம் இது?'

ஸ்டீவன் சிரித்தார். தங்கவயலின் பாலகாட் பகுதியில், அந்தக் காலத்தில் சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண் மலை மலையாக நிற்கிறது. ஊரில் அதற்கு சயனைடு மலை என்று பெயர். ஏறி நின்றால் பாலைவனத்தில் நிற்பது மாதிரியே இருக்கும். கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க அங்கேதான் போவார்கள்.

ஃப்ரெடி வேடிக்கைக்குத்தான் கேட்டிருந்தான். ஆனால் அடுத்து வந்தது வின்னியின் குரல் பதிவு.

"எலைன், கோச்சிக்காதம்மா. நாங்க ஜெய்சல்மேர் பாத்தவங்க. அங்க மண்ணு வெள்ளையா இருக்கும். உன் போட்டோல மஞ்சளா கீது. பின்னால இவ்ளோ ஜனம் வேற. ஜெய்சல்மேர்ல ஏது ஜனம்? எங்க போட்டோல காக்கா குருவி கூட கிடையாது, பாத்திருக்கே இல்ல? நீங்க பாலகாட்ல நின்னுனு கலர மாத்திப் போட்டுகீறீங்க."

தெருவில் எல்லோரும் வின்னி வீட்டுப் போட்டோவைப் பார்த்தவர்கள். ஜெய்சல்மேர் என்றால் அவர்களுக்கு அந்தச் சுவர்தான். குரூப்பில் ஆச்சரியக்குறிகள் வரிசையாக வந்து விழுந்தன.

போதாததற்கு, ஸ்டீவனுக்குப் பழைய கதை ஒன்று இருந்தது. சில வருஷங்களுக்கு முன் உபவாச ஜெபக் கூடாரத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேத்தமங்கலம் ஏரிக்கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவரைச் சபையார் கையும் மீனுமாகப் பிடித்தார்கள். யாரோ அந்த மீன் போட்டோவையும் இப்போது எடுத்துப் போட்டார்கள்.

"உங்களால எனக்கும் கெட்ட பேரு!" என்று எலைன் பொங்கினாள். "எதனா பண்ணுங்க!"

ஸ்டீவன் பண்ணினார். எலைனை ஒட்டகத்தின் மேல் ஏற்றினார். ஒட்டகம் பின்கால்களை முதலில் தூக்கியது. "இயேசப்பா!" என்று எலைன் போட்ட சத்தத்தில் பக்கத்து ஒட்டகங்கள் இரண்டு எழுந்து நடக்க ஆரம்பித்தன. அந்தக் களேபரத்திலும் ஸ்டீவன் படம் எடுத்து அனுப்பினார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வின்னி எழுதினாள்: 'ஜெய்சல்மேரில் ஒட்டகமே கிடையாது. நாங்கள் ஒன்று கூட பார்க்கவில்லை.'

ஃப்ரெடி எழுதினான்: 'போன மாசம் நம்ம பங்காரப்பேட்டை பொருட்காட்சிக்கு வந்த ஒட்டகம் இது. மூஞ்சி ஞாபகம் இருக்கு.'

எலைன் ஒட்டகத்தின் மேலிருந்தபடியே அதைப் படித்தாள். இறங்கவே மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஜோத்பூர். மலைமேல் கோட்டை, கீழே நீல நீலமாக வீடுகள். எலைன் கண்ணில் எதுவும் படவில்லை. "வீடியோ கால் போடுங்க. நேரா காட்டிடலாம். கோட்டையத் தூக்கினு போயி பாலகாட்ல வெக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. ஸ்டீவன் வின்னிக்கு வீடியோ கால் போட்டார். எதிரில் வின்னி, பின்னால் டக்ளஸ், அவர்களைச் சுற்றித் தெருவில் பாதி.

"பாருங்க வின்னிக்கா! கோட்ட! இது ஜோத்பூரு! நல்லா பாருங்க!" என்று எலைன் போனைச் சுழற்றினாள். கோட்டைச் சுவர் தெரிந்தது. பீரங்கி தெரிந்தது. தலைப்பாகைக்காரர்கள் தெரிந்தார்கள். வின்னியின் முகம் மெல்ல மாறத் தொடங்கியது. எலைனுக்கு உயிர் வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னாண்ணே, நம்மூரா? பேச்சக் கேட்டாலே தெரியுதே! நானு தங்கவயலு உரிகம்ண்ணே! டென்சிலு!"

ராணுவ முகாமில் வேலை, இன்று விடுமுறை, கோட்டை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதன் ஸ்டீவனைக் கட்டிப்பிடித்தான். ஊர் பாஷை கேட்டு மாதக்கணக்காகிறதாம். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ஆனந்தத்தில் போனுக்குள்ளும் தலையை நீட்டினான்.

"ஸ்தோத்திரம் ஆன்ட்டி! உரிகம் டென்சில், ஆன்ட்டி! நல்லா கீறீங்களா?"

வின்னி வீட்டுப் பக்கம் தெருவே சேர்ந்து சிரித்தது.

"உரிகம் டென்சிலாம்!" என்றாள் வின்னி. "உரிகத்துலேந்து ஆள கூட்டினு வந்து, கோட்ட படத்த பின்னால கட்டி, நல்லாத்தான் பண்றீங்க எலைன்! ஆனா ஒண்ணு சொல்றேன். பொய் பேசற வூட்ல பொண்ணு எடுக்கறது எங்க வழக்கத்துலயே கிடையாது. ஞாயித்துக்கெயம நிச்சயம் இல்ல."

பின்னால் டக்ளஸ் தலையாட்டினார். எழுந்து கை கழுவப் போனார்.

இணைப்பு அறுந்தது. எலைன் பீரங்கியின் மேல் சாய்ந்து நின்றாள். காவலாளி விசில் அடித்ததுகூட அவள் காதில் விழவில்லை. அடுத்த நிமிஷம் நிக்கோல் கூப்பிட்டாள், அழுகையும் மூக்குறிஞ்சலுமாக.

"மம்மி, உண்மைய சொல்லு. நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பாலகாட்ல யார் வூட்ல கீறீங்க? அங்க தண்ணி வருதா? மாத்துத் துணி எடுத்துனு வரட்டா?"

எலைன் போனை ஸ்டீவனிடம் கொடுத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெற்ற மகளே நம்பவில்லை. நிச்சயத்துக்கு எடுத்த புடவை வீட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஆஸ்டின் தங்கமான பையன். தான் ஊர் சுற்ற ஆசைப்பட்டதால் மகள் வாழ்க்கை போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிக்கானேரில் எலைன் லாட்ஜ் அறையைவிட்டு வரவே இல்லை. ஸ்டீவன் மட்டும் போய் அந்த ஊர் நொறுக்குத்தீனியான புஜியாவைப் பெரிய பொட்டலமாக வாங்கிவந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். தரையில் பொலபொலவென்று மணல் கொட்டியது.

எலைன் சட்டென்று நிமிர்ந்தாள். "இது எந்த ஊரு மண்ணு?"

"ஜெய்சல்மேருதான். அன்னிக்கி நடந்தது. இன்னும் தட்டவே இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஷூவாலேயே அடித்திருப்பாள். இன்று மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு துகள் விடாமல் காகிதத்தில் கூட்டி அள்ளித் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடினாள். வின்னியக்காவிடம் ஜெய்சல்மேர் மணல் இருக்கிறது. தன்னிடமும் இருக்கிறது. மணலும் மணலும் பேசிக்கொள்ளட்டும்.

ஊருக்கு வந்து ரயிலைவிட்டு இறங்கியதும் ஃப்ரெடி எதிர்ப்பட்டான். "பாலகாட்லேந்து ஆட்டோல வந்திருக்கலாமேண்ணே, எதுக்கு ட்ரெய்ன் ஏறி எறங்கினு?"

ஸ்டீவன் போனில் இருந்த டிக்கெட்டைக் காட்டினார். "டிக்கெட் யாரு வேணா போடலாம்ண்ணே. போவணுமே" என்றான் ஃப்ரெடி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் இன்பராஜ், விஷயத்தைத் தீர்த்துவைக்க ஸ்டீவன் வீட்டுக்கு வந்தார். நிச்சயம் நடந்திருக்க வேண்டிய ஹாலில் பஞ்சாயத்து நடந்தது. ஒரு பக்கம் வின்னி, டக்ளஸ், ஆஸ்டின். இன்னொரு பக்கம் ஸ்டீவன், எலைன், அழுது வீங்கிய முகத்தோடு நிக்கோல். நடுவில் டீப்பாயில் பிக்கானேர் புஜியா.

"பங்காரப்பேட்ட பேக்கரி ஓமப்பொடி" என்றாள் வின்னி அதைப் பார்த்ததும்.

"சகோதரி, கோபம் வேண்டாம்" என்றார் பாஸ்டர். "இரண்டு குடும்பமும் ஒரே இடத்தின் மணலைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை முடிந்தது. பிள்ளைகளுக்கு இன்றைக்கே ஜெபம் பண்ணிவிடலாம்."

"நானே அதான் கேக்கறேன் பாஸ்டர். என்து அசலு" என்று சொல்லி வின்னி மடியிலிருந்து தன் பாட்டிலை எடுத்து வைத்தாள். ஷோகேஸைவிட்டு அது வெளியே வந்தது அன்றுதான். டக்ளஸ் நாற்காலியில் ஒருமுறை நெளிந்தார்.

பாஸ்டர் எலைனின் மணலை இடது உள்ளங்கையில் கொட்டினார். பொன்னிறம். துகள் துகளாக மின்னியது. வின்னியின் மணலை வலது உள்ளங்கையில் கொட்டினார். வெளுத்த சாம்பல் நிறம். மாவு மாதிரி விரலில் ஒட்டியது.

ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆஸ்டின் நிக்கோலைப் பார்த்தான். நிக்கோல் தரையைப் பார்த்தாள்.

"ஒன்றாக இல்லையே, சகோதரி எலைன்" என்றார் பாஸ்டர், வருத்தத்தோடு. "கொஞ்சம்கூட ஒன்றாக இல்லை."

"பாத்தீங்களா!" என்று வின்னி துள்ளினாள். "நான் சொன்னேனே! ஆஸ்டின், எழுந்திருடா, போலாம்!"

"மம்மி, ஒரு நிமிஷம்..." என்றான் ஆஸ்டின்.

"இன்னா நிமிஷம்? வாடா!"

எலைன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஷூவிலிருந்து அள்ளிய மணல்கூட தன்னைக் கைவிட்டதை அவளால் நம்ப முடியவில்லை. நிக்கோல் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஸ்டீவன் ஜெய்சல்மேர், ஜோத்பூர், பிக்கானேர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை.

பாஸ்டருக்கு மனது கஷ்டமாகிவிட்டது. கைகளை வேட்டியில் லேசாகத் தட்டிக்கொண்டு, தட்டிலிருந்து வலது கையால் ஒரு பிடி புஜியாவை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனார்.

நாற்காலி ஒன்று தடாலென்று பின்னால் விழுந்தது. டக்ளஸ் ஒரே பாய்ச்சலில் டீப்பாயைத் தாண்டி பாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெருவே முதல்முறையாகக் கேட்கும் குரலில் அலறினார்:

"வாயில வெக்காதீங்க பாஸ்டர், மொதல்ல கையக் கழுவுங்க, அது பாலகாட் சயனைடு மண்ணு!"